வினைக்கொள்கையும் மச்சைக் கொடையும்

நோய் வினைப்பயனாயின் அதனை நீக்க முயலுதல் தகுமோ என்பது சைவ நன்மக்களிடையே நெடுநாளாய் நிகழும் வினா. குருதிப் புற்றுநோயுற்ற மகவையுடைய இல்லத்தில் அவ்வினா ஏட்டளவில் நில்லாது நெஞ்சை அறுப்பதாகின்றது. பச்சைமலை அடிவாரத்துத் துறையூரினின்று எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்காக வேலூர்க்குப் புறப்படும் ஒரு குடும்பம், பொருளைத் திரட்டுதலோடு உள்ளத்தையும் ஒருவழிப்படுத்தல் வேண்டுமாகலின், ஈண்டு அதனை ஆராய்வாம்.

குருதியணுக்கள் பிறக்குமிடம் என்பினுள் உறையும் மச்சையே. அது நோயுற்றவழிக் கடுமருந்தால் அதனை அழித்து, ஒத்த பிறரிடம் பெற்ற மூலவணுக்களைக் குருதிவழிச் செலுத்துவர். இத்துறையில் முன்னின்றுழைத்த அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1990-ல் நோபெல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லும் இச்சிகிச்சை தொடங்கப்பெற்றது. உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் ஒத்திருத்தற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்புண்டு. கொடுப்போர்க்கு மயக்க மருந்தளித்து இடுப்பெலும்பினின்றேனும், சில நாள் ஊசியிட்டுக் குருதியினின்றேனும் எடுப்பர். எடுத்தது சில கிழமைகளில் மீள ஊறும்.

இனி, பிராரத்தம் நுகர்ந்தே கழிதற்குரியதாகலின் மருந்து வேண்டா என்பாருளர். அவர் பசியும் பிராரத்தமேயென்று உணவை ஒழிப்பதிலர். தனு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்று தோற்றுவித்தளித்தது உயிர் மலம் நீங்கி உய்தற்பொருட்டேயாகலின், அவ்வுடம்பைப் பேணுதலும் அவன் பணியேயாம். அன்றியும், பிறனொருவனுடைய வினை இத்துணைத்தென்று அளந்தறிந்தார் யார்? அது முற்றுமுணர்ந்த இறைவனுக்கேயுரியது.

கொல்லிமழவன் முயலகன் நோயுற்ற தன் மகளை, திருச்சிராப்பள்ளிக்கு அணித்தாய், இன்று திருவாசி எனப்படும் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருமுன்னர்க் கிடத்தினான். ஆண்டெழுந்தருளிய ஆளுடைய பிள்ளையார் அவளை நோக்கி, இஃது உன் வினை என்று கூறி அகன்றாரல்லர். பதிகம் பாடி நோய் தீர்த்தருளினார். திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபொழுதும் திருநீலகண்டப் பதிகத்தால் அதனை அகற்றினார்.

ஆயினும், உயிர்காத்தல் அறமென்று கூறிக் கொடுப்போரை வற்புறுத்தல் ஆகாது. கண்ணப்ப நாயனார் முதற்கண் பச்சிலை தேடிப் பிழிந்தார். அது பயவாதவழியே தம் கண்ணை இடந்தப்பினார். அவரை ஏவினார் ஒருவருமிலர். ஏவலால் வருவது கொடையன்று, இறையேயாம். ஆகலின், தம்பியோ தங்கையோ ஒத்திருப்பின், வருத்தமும் இடரும் உள்ளவாறு உரைத்து, உவந்து இசைந்த பின்னரே மேற்செல்லுக. இளம்பிள்ளையாயின் அதற்கு விளங்கும் சொல்லால் உரைக்க. மறுப்பதாயின் இப்பொழுதே மறுத்தல் வேண்டும். என்னை? நோயாளியின் மச்சையைக் கடுமருந்தால் அழித்த பின்னர்க் கொடுப்போர் பின்வாங்கின், அவர் உயிர் பிழைத்தல் அரிது.

இத்துணையும் செய்தும் ஒரோவழி உயிர் நில்லாதொழியும். அன்று, "என் மச்சை பயன்படவில்லையே" என்று கொடுத்தவர் உள்ளுக்குள் நைவர். அந்நிலையிலேயே வினைக்கொள்கை வேண்டப்படுவது. கொடுத்தல் நின்பாலது, பயன் இறைவன்பாலது என்று பெற்றோர் அப்பிள்ளையை அணைத்துத் தேற்றுதல் வேண்டும். முயற்சிக்கு முன்னே தடையாய் நிற்பின் அது சோம்பற்கு இட்ட பெயரேயாம். முயற்சி முற்றிய பின்னே ஆறுதலாய் நிற்பின் அதுவே சித்தாந்தம் நமக்கருளிய உண்மைப் பொருளென்க.

திருச்சிற்றம்பலம்.