வினையும் ஔஷதமும்

நோய் வந்துற்றபோது அதைப் பிராரப்தம் என்று பொறுத்திருப்பதுதான் பக்தியா, மருந்துண்டு அதை விலக்க முயல்வது பக்திக் குறைவா என்னும் வினா நம் நாட்டில் மிகப் பழமையானது. கண்ணுக்குத் தெரியும் புண்ணையும் சுரத்தையும் குறித்து இன்று எவரும் இதை எழுப்புவதில்லை; கால் முறிந்து கிடப்பவனிடம், முருகனை நினைத்துச் சும்மா படுத்திரு என்று சொல்வாரும் இல்லை. ஆயினும், வெளியே ஓர் அடையாளமும் காட்டாமல், இரவில் மட்டும் தலைதூக்கி, மனிதனுடைய நித்திரையைக் குலைக்கின்ற வியாதி ஒன்று நேரும்போது, அப்பழைய வினா உபதேசத்தின் கோலம் பூண்டு நோயாளியின் முன் வந்து நின்றுவிடுகிறது.

ஆறுமுகநேரியில், உப்பளத்தில் பல பருவங்கள் உப்பு வாரி உழைத்து ஓய்ந்த மூதாட்டி ஒருத்தியை நான் அறிவேன். பகலில் தன் கால்களைப் பற்றிய நினைவே அவளுக்கு இராது. விளக்கை அணைத்துப் பாயில் சாய்ந்து அரை நாழிகை ஆகுமுன், கெண்டைக்காலின் உள்ளே ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் ஓர் உளைச்சல் தொடங்கும். நீட்டுவாள், மடக்குவாள், பழஞ்சேலைக் கிழிசலை முழங்காலுக்குக் கீழே இறுகச் சுற்றிக் கட்டுவாள், அதற்கும் அடங்காதபோது எழுந்து, திண்ணைக்கும் அடுக்களைக்குமாக நடக்கத் தொடங்குவாள். நடக்கும் வரையில் சுகம். படுத்தால் மறுபடியும் அவஸ்தை. “காலுக்குள்ள என்னமோ ஊருது ஐயா, ஒரு எடத்துல வைக்க முடியல” என்பாள். “மனச அடக்கிட்டுப் படு ஆச்சி” என்று வீட்டார் சொல்லிச் சொல்லி, அவளும் அதையே நம்பி, “முருகன் சோதிக்கான்” என்று தேறுதல் கொண்டு, எத்தனையோ இரவுகளை நின்றே கழித்திருக்கிறாள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் அவ்வூர்ச் சாலை வழியாகத்தான் நடக்கிறார்கள். அவர்களுடைய நடை சங்கற்பத்தால் வந்தது, விரும்பியபோது அமரலாம். இவளுடைய நடைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

இவ்வியாதி புதிதன்று. இங்கிலாந்து தேசத்து வைத்தியர் தாமஸ் வில்லிஸ் 1672-ஆம் ஆண்டிலேயே இதை வருணித்திருக்கிறார். சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945-இல் இதை விரிவாக ஆராய்ந்து ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்று பெயரிட்டார். ஓய்ந்திருக்கையில் எழும்புதல், அசைத்தால் தணிதல், மாலையிலும் இரவிலும் மிகுதல் ஆகியவை இதன் லட்சணங்கள். மூளையில் இரும்புச் சத்துக் குறைவதும், டோபமின் என்னும் இரசாயனத்தின் இயக்கம் பிறழ்வதும் இதற்கு முக்கிய காரணங்களாகக் கருதப்படுகின்றன. கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் இது அதிகமாகக் காண்கிறது. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்பதை எண்ணும்போது, உளையும் கால்களோடு இரவில் விழித்திருக்கும் நம் வீட்டுப் பெண்களின் தொகை சிறிதாக இராது என்றே அஞ்ச வேண்டியிருக்கிறது.

தத்துவ நோக்கில் இந்நோயைப் போல் நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்றில்லை. வலிப்பு நோயில் உடல் தானே துடிக்கிறது. அங்கே ‘நான் செய்தேன்’ என்னும் எண்ணத்திற்கு இடமில்லை. இதிலோ, காலை அசைப்பவர் நோயாளியே. அசைக்காமலிருக்கச் சில கணங்கள் அவரால் முடியும். அதற்கு மேல் முடியாது. அப்படியானால் அச்செயலின் கர்த்தா யார்? ஒரு கணமேனும் கருமம் செய்யாது இருப்பவன் ஒருவனும் இல்லை, பிரகிருதியின் குணங்கள் ஒவ்வொருவரையும் தம் வசமின்றியே செயலில் தூண்டுகின்றன என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் போதிக்கிறதே, அதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் உண்டா என்று நான் வியந்ததுண்டு. இச்சைக்கும் அனிச்சைக்கும் நடுவே நிற்கும் இந்த நோயாளியிடம் ‘மனத்தை அடக்கு’ என்று சொல்வது, மனத்தின் எல்லையையும் உடலின் எல்லையையும் அறியாதவர் சொல்லும் சொல்.

அன்றியும், இங்கே பறிபோவது அற்பமான பொருளன்று. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என்று அவஸ்தைகளை வகுத்த நம் முன்னோர், கனவற்ற உறக்கத்தைச் சோம்பலின் பெயராகக் கொள்ளவில்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் ஜனகருக்கு உபதேசிக்கும் இடத்தில், அந்நிலையில் தந்தை தந்தையல்லன், கள்வன் கள்வனல்லன், துயரங்கள் யாவும் கடக்கப்படுகின்றன என்கிறார். அரசனுக்கும் அளத்தொழிலாளிக்கும் இறைவன் சமமாக அளித்த அந்த விடுதலை, இந்நோயாளிக்கு மட்டும் வாசற்படி வரை வந்து திரும்பிப் போகிறது. அதை மீட்டுத் தர வல்ல மருந்து இருக்கையில் வேண்டாமென்று விலக்குவது எவ்வகைத் துறவு?

வினை என்று வாளாவிருப்போருக்குச் சைவம் அளித்த விடையைத் திருஞானசம்பந்தர் வரலாற்றில் காணலாம். கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், உடன் வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது அவர் பாடியது திருநீலகண்டத் திருப்பதிகம். முன்செய்த வினைக்கு இது பயன் என்று சொல்லிக்கொண்டு, உய்யும் வழியை நாடாதிருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்னும் கருத்தோடுதான் அப்பதிகம் தொடங்குகிறது. வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதைக் காரணமாகக் காட்டிக் கைகட்டி இருப்பதையே மறுக்கிறார். சூலை நோயால் துடித்த அப்பரும் திருவதிகையில் நோய் நீங்கவே வேண்டினார். திருச்செந்தூரில் பன்னீர் இலையில் வைத்துத் தரும் திருநீற்றைப் பிணி தீர்க்கும் மருந்தாகவே நம் மக்கள் வாங்கிப் பூசுகிறார்கள். பிணி தீர வேண்டுவது குற்றமாயின் அந்த இலைக்கு என்ன பொருள்? பக்கத்திலுள்ள காயல்பட்டினத்து இஸ்லாமியரைக் கேட்டால், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் கூறியதைச் சொல்வார்கள். வீரபாண்டியன்பட்டணத்துக் கத்தோலிக்கரின் வேதாகமத்திலோ, மருத்துவரை மதிக்கச் சொல்லும் ஓர் அதிகாரமே சீராக்கின் ஞான நூலில் இருக்கிறது. இக்கடற்கரையின் மூன்று சமயங்களும் இவ்விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

இனி, மாத்திரையால் வரும் நித்திரை மெய்யான நித்திரையாகுமா என்று கேட்பாரும் உண்டு. ஆன்மாவின் அறிவை இறைவன் புதிதாகப் படைப்பதில்லை, மறைக்கும் மலத்தை நீக்குகிறான் என்பது சித்தாந்தம். தகுந்த மருந்தும் இங்கே அவ்வளவே செய்கிறது. கால்களின் உளைச்சலை அது தணிக்க, உறக்கம் தன் இயல்பால் வருகிறது. ஆகவேதான் மருத்துவர்கள் முதலில் இரத்தத்தில் ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பின் அளவைப் பார்க்கிறார்கள். லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால், மற்ற அளவுகளையும் நோக்கி, இரும்புச் சத்தை ஈடுசெய்ய முற்படுகிறார்கள். அது போதாதபோது காபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றை அளிக்கிறார்கள். முன்னர் பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்னும் மருந்துகளே முதலிடம் பெற்றிருந்தன. அவை தொடக்கத்தில் அற்புதமாகப் பலித்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல, இரவில் வந்த உளைச்சல் பிற்பகலிலேயே வரவும், காலில் இருந்தது கைக்குப் பரவவும் சிலருக்குக் காரணமாயின. ஆகையால் அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டி, அவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாமென்கிறது. அம்மருந்துகளால் சிலருக்குச் சூதாட்ட வேட்கை போன்ற கட்டற்ற ஆசைகள் எழுவதும், மருந்தைக் குறைத்து நிறுத்தியபின் பெரும்பாலும் அவை அடங்குவதும் அறியப்பட்ட உண்மை. நேர்மையாக வாழ்ந்த ஒருவரின் சித்தத்தை ஒரு சிறு மாத்திரை இவ்வாறு திருப்பக் கூடுமானால், பிறருடைய குணதோஷங்களைப் பற்றி நாம் அவ்வளவு திண்ணமாகத் தீர்ப்புச் சொல்வது தகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, ஔஷதம் உண்பதும் விரதம் போல் நியமத்தோடு செய்யத்தக்க காரியம். உறக்கம் வரட்டுமென்று மெடிக்கலில் தாமே கேட்டு வாங்கும் மயக்கந்தரும் சளி மாத்திரைகள் பல, இந்நோயைத் தணிக்காமல் மிகுவிக்கும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சரிவரச் சேராது. சோதனையின்றி வெறுமனே உண்பதும் தீங்கு. நரம்புக்குத் தரும் மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணை செய்பவரையும் வைத்து மருத்துவத்தை நான்காக எண்ணுகிறார். அந்த நான்காமவர் வாசகராகிய நீங்களாகவே இருக்கலாம். உங்கள் வீட்டில் நள்ளிரவில் நடப்பவர் எவரேனும் இருந்தால், யோசனையை விடு என்று அவருக்குப் போதிக்காதீர்கள். கால் உளைகிறதா என்று கேளுங்கள். ஆமென்றால், அடுத்த நாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, ஃபெரிட்டின் பார்க்க வேண்டுமா என்று விசாரியுங்கள்.