மீளாமையும் மீளாக்கமும்

ஒரு படைப்பை மீண்டும் ஆக்குவோர் அதன் துயரையும் மாற்ற உரிமையுடையரா? யப்பானில் 1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘பைனல் பான்ரசி 7’ என்னும் இலத்திரனியல் விளையாட்டும் அதன் மீளாக்கங்களும் இவ்வினாவை எழுப்புகின்றன.

அவ்விளையாட்டில், போரில் வீழ்ந்த தோழரைப் பீனிக்ஸ் இறகொன்றினால் எழுப்பலாம். ஆயினும் செபிரொத்தின் வாளுக்கு இரையாகும் ஏரித் என்னும் நங்கையை மீட்க எவ்வழியும் இல்லை. அவளுக்கெனத் தேடிய படைக்கலங்களும் வளர்த்த ஆற்றலும் வீணாகின்றன. ஆடுவோன் அவ்விழப்பைத் தன் இழப்பாகவே உணர்கின்றான்.

2020இல் வந்த மீளாக்கம், விதியைக் காக்கும் ஆவியுருக்களைப் புகுத்தி, அவற்றையே ஆடுவோன் வெல்லுமாறு அமைத்தது. அவள் பிழைக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. 2024இல் வந்த அடுத்த பகுதியிலோ, தோழர் அவளுக்காக அழுகையில் நாயகன் கிளவுட்டின் கண்களுக்கு அவள் உயிருடன் தோன்றுகின்றாள்.

பழைய விளையாட்டு அழியவில்லை. ஆதலின் மாற்றத்தால் எவர்க்கும் தீங்கில்லை எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதம் போதாது. மீளாக்கத்தை நாடுவோருட் பலர் அவளை முன்னரே இழந்தவர். அவர்தம் நினைவை நோக்கியே அது பேசுகின்றது. இறந்தோரை மீட்க விழைதல் அன்பின் இயல்பு. அவ்விழைவுக்கு உருக்கொடுத்தல் கலைக்குத் தகும். கிளவுட்டின் காட்சி செய்வது அதுவே: இழப்பை ஏற்க மறுக்கும் மனத்தை அது காட்டுகின்றது. ஆனால் இறப்பு நிகழவேயில்லை என முடிப்பின், முன்னர் அழுதோரின் துயர் பொருளற்றதாகிவிடும். மீளாக்குவோரின் உரிமைக்கு எல்லை அங்கேயே உளது.