நாளை என்னும் மறைவிடம்

கடமையைத் தள்ளிப்போடுவோனைச் சோம்பேறி என்று இகழ்கிறோம். ஆயினும் பெரும்பாலும் அவனைத் தடுப்பது சோம்பலன்று, அச்சமே. பணி முழுவதையும் ஒருங்கே நோக்கி மலைத்த மனம், ‘நாளை’ என்னும் சொல்லில் ஒளிந்துகொள்கிறது.

1947 ஆகஸ்டு 29-இல் அரசியலமைப்பு வரைவுக் குழு அமைந்தபோது, பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் முன் நின்ற பணி சிறியதோ? குழுவினர் எழுவருள் பலர் பல காரணங்களால் முழுதும் பங்குகொள்ள இயலவில்லை. அவருக்கோ உடல்நலம் குன்றியிருந்தது. பின்னர் அவையில் முன்மொழியப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. அனைத்தையும் ஒருங்கே எண்ணியிருந்தால் எவர் நெஞ்சும் தளரும். ஆயின் அவை அன்றன்று எடுத்துக்கொண்ட விதியையே ஆராய்ந்து முடிவு செய்தது. தீண்டாமையை ஒழிக்கும் விதி 1948 நவம்பர் 29-இல் அவ்வாறு நிறைவேறியதே. 395 விதிகளும் கொண்ட அரசியலமைப்பு 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பெற்றது.

அவ்விதிக்காக எத்தனை தலைமுறைகள் காத்திருந்தன! ஆதலின் அன்பர்களே, நம் தாமதத்தின் கேடு நம்மோடு நிற்பதன்று. நம் பணியை எதிர்நோக்கியிருப்போரையும் அது வருத்தும். முழுமையையும் இன்றே முடித்தல் யார்க்கும் இயலாது. இன்றைக்குரிய ஒரு பகுதியை முடித்தல் இயலும். இயல்வதைச் செய்யாதிருத்தலே குற்றம்.