பெருவிரல் ரேகை

பரணைச் சுத்தம் செய்வது ஆபத்தான காரியம். எலியைத் தேடி ஏணியில் ஏறுகிறவன், பழைய கணக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு இறங்கி வருகிறான். சென்ற கோடையில் நான் ஓர் அட்டைப் பெட்டியோடு இறங்கினேன். உள்ளே, பாதியில் நின்றுபோன ஒரு பிளாஸ்டிக் விமானம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் மாதிரி. 1974-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொடுத்தது. அப்போது எனக்கு வயது பதினான்கு, தம்பிக்கு எட்டு.

இத்தகைய மாதிரிகளில் 72-ல் ஒரு பங்கு என்பது நன்கு பழகிய அளவு. 1932-ல் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மர மாதிரிகள் வந்த காலத்திலிருந்து பரவிய வழக்கம் அது. அசலில் ஆறு அடி, மாதிரியில் ஓர் அங்குலம். ஓர் ஆள் உயரம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். 36 அடி 10 அங்குலம் விரிந்த ஸ்பிட்ஃபயரின் சிறகுகள் இங்கே ஆறங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதற்கான பசை நம் வீட்டுக் கோந்தைப் போன்றதல்ல. இரண்டு துண்டுகளின் ஓரங்களையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு உடையுமே தவிரப் பிரியாது. அந்தப் பசை படிந்த விரலோடு தம்பி இடது சிறகைத் தொட்டுவிட்டான். பெருவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. நான் அவனை அறைந்தேன். அவன் அழவில்லை, அதுதான் இன்றும் ஞாபகம் இருக்கிறது. பெட்டியை மூடினேன். பிறகு பரீட்சை, உத்தியோகம், கல்யாணம், எழுத்து என்று ஆயுள் ஓடிவிட்டது.

இப்போது புதுப் பசை வாங்கி, மூக்குக் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். அன்று கண் இருந்தது, பொறுமை இல்லை. இன்று பொறுமை இருக்கிறது, கை நடுங்குகிறது. அன்று ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கக் கூடிய வேலைக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆயினும் அந்த மந்தத்தில் ஒரு சுகம் இருந்தது.

கடைசியில் அந்த ரேகைக்கு வந்தேன். கொஞ்சம் பட்டி பூசி, காயவிட்டு, நயமான உப்புத்தாளால் தேய்த்தால் போதும், சுவடே தெரியாது. மாதிரி கட்டுகிறவனின் தர்மம் அசலுக்கு உண்மையாக இருப்பது அல்லவா? எந்த ஸ்பிட்ஃபயரின் சிறகிலும் கைரேகை கிடையாதே!

உப்புத்தாளை எடுத்தவன், ஏனோ அளவுகோலையும் எடுத்தேன். ரேகையின் நீளம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டேன், நாலடிக்குச் சற்று மேல். எட்டு வயதுப் பையனின் உயரம்!

உப்புத்தாளை வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"அடிச்சியா? எப்போ? எனக்கு ஞாபகமே இல்லையே அண்ணா. அந்தப் பசை வாசனைதான் ஞாபகம் இருக்கு. ஆமாம், பிளேனை முடிச்சுட்டியா?" என்று சிரித்தான்.

எனக்கு நிம்மதி வரவில்லை. அடிபட்டவன் மறக்கமாட்டான், அடித்தவன்தான் மறந்துவிடுவான் என்று கதைகளில் நானே எழுதியிருக்கிறேன். இங்கே தலைகீழாக இருக்கிறது. கடன் கொடுத்தவன் கணக்குப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டால், வாங்கியவனின் கடன் தீர்ந்துபோகுமா? தீராது என்றே எனக்குத் தோன்றுகிறது. மன்னிப்பு என்பது அவன் கொடுக்க வேண்டியது; குற்றம் என்பது நான் அறிந்திருக்க வேண்டியது. முன்னது கிடைத்துவிட்டதாலேயே பின்னது இல்லாமல் போய்விடாது. அதைத் தேய்த்து அழித்தால், பழைய தவறோடு ஒரு பொய்யும் சேர்ந்துகொள்ளும். அதே சமயம், அதையே எண்ணி மருகிக்கொண்டு விமானத்தை மறுபடி பரணில் போடுவதும் நியாயமில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதானே: முடித்துவிட்டாயா?

முடித்துவிட்டேன். பச்சையும் பழுப்புமாக வர்ணம் பூசி, என் மேஜை மீது வைத்திருக்கிறேன். மாலை வெயில் சாய்வாக விழும்போது வர்ணத்துக்கு அடியிலிருந்து ரேகை எழும்பித் தெரியும். வருகிறவர்கள் சிலர் கவனித்துவிட்டு, "இங்கே ஒரு பிழை இருக்கிறதே" என்கிறார்கள்.

"ஆமாம், பிழைதான்" என்கிறேன். யாருடைய பிழை என்பதை மட்டும் சொல்வதில்லை.