மனச்சான்றும் பொதுவாழ்வும்

சமயச் சுதந்திரம் என்பது, ஒருவர் தாம் உண்மையென்று கண்ட நெறியைத் தனியாகவும் பிறரோடு கூடியும் பின்பற்றத் தடையின்றியும், ஏற்காத நெறியைப் பின்பற்றும் கட்டாயமின்றியும் வாழும் நிலையாகும். கத்தோலிக்கத் திருச்சபை இத்தெளிவை எளிதில் எட்டிவிடவில்லை. 1864-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் வெளியிட்ட பிழைக் கருத்துகளின் பட்டியலில், கத்தோலிக்க மறை மட்டுமே அரச மறையாக இருப்பது இக்காலத்துக்குப் பொருந்தாது என்ற கருத்தும் இடம்பெற்றிருந்தது. நூறாண்டு கழித்து, இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையருள் 2308 பேர் ஆதரிக்க, 70 பேர் எதிர்க்க, மனித மாண்பைத் தலைப்பிலேயே தாங்கிய 'டிக்னிடாடிஸ் ஹுமானே' என்னும் அறிக்கை 1965 டிசம்பர் 7 அன்று வெளியாயிற்று.

பிழைக்கு உரிமை இல்லை என்பது பழைய வாதம். உரிமை கருத்துகளுக்கு அன்று, மனிதருக்கே உரியது என்பது அறிக்கையின் உருவாக்கத்தில் பெரும்பங்காற்றிய இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரி போன்றோரின் மறுமொழி. உண்மையைத் தேடும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆயினும் அச்சத்தால் விளையும் இசைவு நம்பிக்கை ஆகாதாதலால், அக்கடமையைத் தவறவிட்டவரிடமும் இவ்வுரிமை நிலைத்திருக்கிறது என்று அறிக்கை கற்பிக்கிறது. சமயம் ஆலயச் சுவர்களுக்குள் அடங்குவதன்று என்பதால், சமூக அமைப்புக்குத் தம் போதனை தரும் பயனைப் பொதுவில் எடுத்துரைக்கவும் சமயக் குழுக்களுக்கு உரிமை உண்டென அது கூறுகிறது. அதே மூச்சில், ஏழைகளையும் எழுத்தறியாதோரையும் வற்புறுத்தியோ நேர்மையற்ற வழியில் தூண்டியோ நம்பிக்கையைப் பரப்பலாகாது என்றும் எச்சரிக்கிறது.

இக்கொள்கையின் உரைகல்லாகக் கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்றைக் கொள்ளலாம். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நிற்பார்கள். ஆனால் தங்கள் நம்பிக்கை தடுப்பதால் பாடமாட்டார்கள். அதற்காக 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு 1986-இல் உச்ச நீதிமன்றம், கருத்துரிமையையும் அரசமைப்பின் 25-ஆம் பிரிவு காக்கும் சமய உரிமையையும் சுட்டித் தீர்ப்பளித்தது. மூவொரு கடவுள் கோட்பாட்டை மறுக்கும் அப்பிரிவின் போதனையைக் கத்தோலிக்கர் ஏற்பதில்லை. எனினும், வாய்மூடி நின்ற அப்பிள்ளைகளின் மனச்சான்றுக்காக வாதாடுவது கத்தோலிக்கரின் கடமையே. தன் மக்களுக்காக மட்டும் கேட்கப்படும் சுதந்திரம் சலுகையாகும். தன்னை மறுப்பவருக்காகவும் கேட்கப்படும்போதுதான் அது உரிமையாகிறது.