புவனம் யார்க்கு உரியது?

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து உயிர்கட்கு அளித்தருளினன் என்பது சித்தாந்த நூற்றுணிபு. இவற்றுள் புவனம் என்றது மக்கள் உறையும் ஊரும் நாடும் மட்டுமோ, விலங்கும் புள்ளும் உறையும் காடும் அதன்கண் அடங்குமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரி மாவட்டத்தும், கிருஷ்ணகிரி மாவட்டத்தும் பரந்து கிடக்கும் காடுகளுள் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. யானையும் சிறுத்தையும் நாற்கொம்பு மானும் ஆங்கு உலவுகின்றன. ஆற்று நீரில் நீர்நாயும் முதலையும் வாழ்கின்றன. 2014-இல் அமைந்த காவேரி வடக்குச் சரணாலயத்தையும் கருநாடகத்துக் காவேரிச் சரணாலயத்தையும் இணைப்பதாகலின், யானைகள் நெடுந்தொலை சென்று மீளும் வழியும் இதுவாம்.

பென்னாகரத்தினின்றும் ஒகேனக்கல் அருவிக்குச் செல்லும் மலைவழி காட்டினூடே செல்வது. அவ்வழிச் செல்வாருட் சிலர் குரங்கிற்குத் தின்பண்டம் எறிந்தும் ஆரவாரித்தும் மகிழ்வர். காட்டினைக் காண்டல் குற்றமன்று. காணப்படுவன யாவும் தம் பொருட்டே உள்ளன என்னும் கருத்தே குற்றம். விலங்குடம்பில் நிற்பதும் நம்மைப்போல் மலத்தாற் கட்டுண்டு, வினைப்பயன் துய்க்க வந்த உயிரே. திருவானைக்காவில் யானையும் சிலந்தியும் வழிபட்டு உய்ந்த வரலாற்றைப் போற்றும் நாம் இதனை மறுத்தல் கூடாது.

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள், பாலக்கோட்டுப் பகுதியில் மாரண்டஹள்ளியை அடுத்த வயலொன்றில், முறைகேடாக மின்சாரம் பாய்ச்சிய வேலியிற் பட்டு மூன்று பெண்யானைகள் இறந்தன. உடன் வந்த கன்றுகள் இரண்டும் தாயின்றி நின்றன.

‘அவை இறந்தது அவற்றின் ஊழ், வேலியிட்டார்க்குக் குற்றம் யாது?’ எனின், அது பொருந்தாது. என்னை? இறந்தது பிராரத்தத்தால் ஆயினும், கொன்ற செயல் கொன்றானுக்கு ஆகாமியமாய் ஏறுமன்றோ? இறைவன் வினையூட்டுவது உயிர் உய்தற்பொருட்டு. வேலியிட்டான் செய்தது தன் விளைவு காத்தற்பொருட்டு. இரண்டும் ஒன்றாகா. ஒன்றெனின், மனிதரைக் கொன்றானும் அவ்வாறே கூறித் தப்புவான்.

இனி, ‘ஓரிரவில் கேழ்வரகுப் பயிர் முழுதும் இழந்த உழவன் என் செய்வான்?’ எனின், அவ்வினா புறக்கணித்தற்குரியதன்று. அவனும் பசிக்கு இரங்கற்பாலனே. அவன் வயலும் இறைவன் அளித்ததே. காட்டினால் மழையும் ஆற்றுநீரும் பெறுவார் நாடெங்கும் உளர். இழப்பினை மட்டும் காட்டோரத்து உழவன் தனியே சுமத்தல் முறையன்று. காலந்தாழாது இழப்பீடு அளித்தலும், உயிர் கொல்லாத வேலியும் அகழியும் அமைத்தலும் அரசிற்கும் அதன்வழி நம் அனைவர்க்கும் உரிய கடனாம்.

ஆகவே, காடும் புவனமே; அது விலங்குகட்கு இறைவன் அளித்த இடமே. அதனுட் புகுவார் பிறர் மனைக்கண் புகும் விருந்தினர்போல அடங்கிச் சென்று மீள்க. புலால் மறுத்தலோடு கொல்லாமை நிறைவெய்திற்று என்று நாம் அமைந்துவிடலாகாது. வயலிடத்தும் வழியிடத்தும் அதனைக் காத்தல் வேண்டும் என்க.