கொடி மாறினால் கொடுமை மாறுமா?

சிலம்பின் கதை நடந்த நகரம் மதுரை. ஆராயாது கொலை செய்த அரசனை, அவையேறிப் பெண்ணொருத்தி கேள்வி கேட்ட ஊர். அவனும் பிழை தன்னுடையதே என ஒப்பி உயிர் நீத்தான். அந்த ஊரின் சிறையில்தான் 1951-இல் பொதுவுடைமைத் தோழர் பாலு தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு, சேலம் சிறையில் 22 பொதுவுடைமையாளர் துப்பாக்கிக்கு இரையாயினர். அவர்களிற் பலர் மலபார் உழவர். அடக்குமுறை என்றால் என்னவென்று அந்தக் கட்சிக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆகவேதான் கேட்கிறோம்.

அதே மலபாரில், 1976 மார்ச் முதல் நாள், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைக் காவலர் பிடித்துச் சென்றனர். நெருக்கடி நிலைக் காலம். நக்சலைட்டுகள் காவல் நிலையம் ஒன்றைத் தாக்கினர் என்று தொடங்கிய வேட்டை அது. கக்கயம் முகாமில் அவனைக் கிடத்தி, தொடைமீது உருட்டுக்கட்டையை அழுத்தி உருட்டினர். 'உருட்டல்' என்றே அதற்குப் பெயர். சித்திரவதைக்கும் செல்லப் பெயர் சூட்டும் நாகரிகத்தை என்னென்பது! மாணவன் மாண்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. முதலமைச்சர் நாற்காலியில் அன்று அமர்ந்திருந்தவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன்.

"போலீசு இலாகா காங்கிரசுக் கருணாகரனிடம் அன்றோ இருந்தது?" என்பர் தோழர்கள். இருந்தது, மறுப்பாரில்லை. ஆயின் மகனைத் தேடிய தந்தை ஈச்சர வாரியர், முதலமைச்சரின் வாயிலிலும் சென்று நின்றாரே! (வாரியர் இந்தி கற்பித்த பேராசிரியர். அதனால் அவர் கண்ணீர் நமக்கு அயலாகிவிடாது.)

"பழையதைக் கிளறினால் பிற்போக்காளனுக்கு ஆதாயம்" என்று இன்னொரு வாதம். மறுமை இன்பத்தைக் காட்டி இம்மைத் துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்ற புரோகிதனை நாம் ஏற்றோமா? நாளைய சமதர்மத்திற்காக இன்றைய மாணவனின் எலும்பு நொறுங்கட்டும், அதுபற்றி வாய் திறவாதே என்பதும் புரோகிதந்தான். பஞ்சாங்கம் மட்டும் வேறு.

நமக்கும் இதில் நோவு உண்டு. அதே நெருக்கடிக் காலத்தில் சென்னைச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு 1977-இல் மாண்டார். அந்த அடிக்கு நியாயம் கேட்ட வாய், கக்கயம் என்றதும் மூடிக்கொள்ளலாமா?

1977-இல் நெருக்கடி நீங்கியதும் வாரியர் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. கைது நடந்தது உண்மையே என்று கண்டது நீதிமன்றம். அப்போது முதலமைச்சராகிவிட்டிருந்த கருணாகரன் பதவி விலகினார். வழக்கு நம் கோவைக்கு வந்தது. தண்டிக்கப்பட்ட அதிகாரிகள் மேல்முறையீட்டில் விடுபட்டனர். 2006-இல் வாரியர் மறைந்தார். எரியூட்ட மகனின் எலும்பொன்றும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.